நங்கையாவின் திருச்செந்தூர்

நங்கையா,

நேற்று பல்லடம் ரோட்டு பங்க்கில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் ஜெனரேட்டருக்கென்று கேனில் பெட்ரோல் பிடித்துக்கொண்டிருந்தார். வெயிலில் அந்த வாசனை எழுந்து முகத்தில் அடித்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. "ஏனுங்க, ஒரு கண்ணாடி பாட்டல்ல கொஞ்சம் ஊத்தி வெயிலுக்கு நேராப் புடிச்சுப் பாருங்க. தண்ணி கலந்திருந்தா அடியில நிக்கும்." அவர் என்னைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், பிறகு பெட்ரோல் போட்ட பையனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதுவரை நிம்மதியாக இருந்த மனுஷனுக்கு ஒரு சந்தேகத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினேன். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

சந்தேகத்தில்தான் நமக்குள் நாத்தனார் உறவே தொடங்கியது. உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், நான் வைத்த ரசத்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் இலையில் விடச் சொல்வீர்கள். நானும் சளைத்தவள் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு, டீ-ஷர்ட் தைக்கும் அந்தக் கம்பெனியை ஒற்றை ஆளாக நீங்கள் நடத்தினீர்கள். ஒரு பெண் எப்படி இவ்வளவு தைரியமாக இருக்க முடியும், ஏதோ இருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன். ஊர் நினைத்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் நீங்கள் மாதாமாதம் திருச்செந்தூர் போகத் தொடங்கினீர்கள். முருகனை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் திரும்பி வரும்போது உங்கள் முகம் கறுத்துப்போயிருந்தது. கேட்டால், "கோயில் வரிசையில நின்னனுங்க, வெயிலு" என்பீர்கள். கிருத்திகை செவ்வாய்க்கிழமை வந்த மாதத்திலும் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் போனீர்கள். எங்களுக்கென்று கொண்டுவந்த பன்னீர் இலை விபூதியில் இலை ஒவ்வொரு முறையும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. ஒரே தடவையில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு மாதத்துக்குக் கொஞ்சமாகக் கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். உங்கள் தம்பியிடம் சொன்னதும் நான்தான்.

அவர் முகம் இறுகிப் போனது. "அக்கா இந்தத் தடவ போறப்ப நீயும் கூடப் போ. என்ன ஏதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு. எதாச்சும் தப்பா இருந்துச்சுன்னா கார் சாவிய வாங்கி வெச்சுக்கறேன். கம்பெனிய நான் பாத்துக்கறேன்." அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. நான் பார்த்துவிட்டு வந்து சொல்லப்போகும் ஒரு சொல்லில் உங்கள் கார், கம்பெனி, ஞாயிற்றுக்கிழமை எல்லாமே அடங்கியிருந்தது.

"நானும் வரட்டுங்களா நங்கையா, முருகனப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்று நான் வந்து நின்றபோது நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "வா கண்ணு. மாத்துத் துணி ரெண்டாக் கொண்டா" என்று மட்டும் சொன்னீர்கள். கோயிலுக்கு எதற்கு இரண்டு மாற்றுத் துணி? வழி நெடுக அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் ரோட்டைப் பார்த்தபடி கார் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள்.

ஞாயிறு காலை தூத்துக்குடி கடற்கரையில் ஐந்து படகுகள் நின்றிருந்தன. எல்லாம் சின்னச் சின்ன பைபர் படகுகள், பின்னால் இஞ்சின், நடுவில் கார் மாதிரி ஸ்டியரிங். நீங்கள் காருக்குப் பின்னால் போய் உடை மாற்றிக்கொண்டு வந்தீர்கள். வெளுத்த சேலையைத் தவிர எதையும் உங்கள் மேல் பார்த்திராத எனக்கு, நம் கம்பெனியின் ரிஜெக்ட் டீ-ஷர்ட்டிலும் ட்ராக் பேண்ட்டிலும் நீங்கள் நடந்து வந்தது வேறு யாரோ வருவது போலிருந்தது.

"இது என்னுது" என்று நீல நிறப் படகைக் காட்டினீர்கள். "வாங்கி ஒன்றர வருசமாச்சு."

"படகா?"

"பின்ன, லாரியாட்டவா இருக்குது?"

மாதம் ஒரு ஞாயிறு சேர்ந்து கடலுக்குப் போகும் மற்ற நான்கு படகுக்காரர்கள்: உப்பளக்காரர் ஒருவர், ஒரு பல் டாக்டர், ஐஸ் பேக்டரி வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர், இவர்களோடு 'இஞ்சினியர்' என்று எல்லோரும் கூப்பிட்ட ஒருவர். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெள்ளைத் தாடி, கழுத்தில் சின்னச் சிலுவை. மனைவி இறந்து பல வருடமாயிற்று என்று பல் டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட நிமிடத்திலிருந்து அந்த மனிதரை விட்டு என் கண் அகலவில்லை. பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தெற்கே மணப்பாடு ஊர்க் கரை வரை சேர்ந்து போய்த் திரும்புவதாகத் திட்டம். வரிசையைச் சொன்னது இஞ்சினியர்தான். உப்பளக்காரர் முதலில், நாம் நான்காவது, கடைசியில் அவர். யாராவது பின்தங்கினால் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு படகும் தனக்குப் பின்னால் வரும் படகைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவர் பின்னால் வர, நீங்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க, இதற்குப் பெயர் பாதுகாப்பு ஏற்பாடா என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும் முன்னால் நீங்கள் பாட்டிலை எடுத்தீர்கள். உங்கள் கேனிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, தையல் பிசிறைப் பார்ப்பது போலவே, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம் போய், "உங்க கேனையும் ஒருக்காப் பாத்தரலாமுங்களா?" என்றீர்கள்.

அவர் சிரித்தார். "கப்பல் இஞ்சின் பாத்தவன்கிட்டயே பெட்ரோல் செக் பண்ணுதீகளாம்மா?"

"நான் யாரையும் நம்பறதில்லீங்க."

"அது தெரியும்" என்று சொல்லிக் கேனைத் தன் படகில் ஏற்றிவிட்டார். எப்படித் தெரியும்?

முதல் ஒரு மணி நேரம் கடல் சொன்ன பேச்சைக் கேட்டது. வலது கைப் பக்கம் கரை ஒரு கோடாக வந்துகொண்டிருந்தது. பிறகு அந்தக் கோட்டின் மேல் சின்னதாக ஒன்று நிமிர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து கோபுரமாயிற்று. நீங்கள் வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே மறு கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டீர்கள்.

"நான் பொய் சொல்லல, பாத்துக்க. மாசாமாசம் முருகனப் பாக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், வேவு பார்க்க வந்தவள் சிரிக்கலாமா என்று.

திருச்செந்தூரைத் தாண்டியதும் காற்று மாறியது. தெற்கிலிருந்து அலை எழும்பி எழும்பி வந்தது. படகு ஒவ்வொன்றின் மேலும் ஏறி, தொப்பென்று விழுந்தது. விழும் ஒவ்வொரு முறையும் என் பல் ஒன்றோடொன்று மோதியது. உப்புத் தண்ணீர் வாளியால் மொண்டு ஊற்றியது போல் முகத்தில் அடித்தது. முன்னால் போன படகுகள் அலைக்குள் முங்கி மறைந்து, மறுபடி தெரிந்தன. "குலதெய்வமே" என்று நான் கத்தியது உங்களுக்குக் கேட்டதோ என்னவோ. பற்களைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தீர்கள். அந்த ஆட்டத்தில் திரும்பிப் பார்க்க உங்களால் முடியவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தில் உயிர் போகிற நேரத்திலும் அவர் மேல் வைத்த கண்ணை நான் எடுக்கவில்லை. அந்த வெள்ளைத் தாடி ஓர் அலைக்குப் பின்னால் மறைந்தது. அடுத்த அலைக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

"நங்கையா, அவரக் காணோம்!"

நீங்கள் திரும்பினீர்கள். உங்கள் முகத்தை நான் அப்போது பார்த்தேன். கம்பெனியில் தீப்பிடித்த அன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நான் ஒருத்தி அங்கே இருப்பதையே மறந்தது போலக் கடலைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டீர்கள்.

"ஏனுங்க! ஏனுங்க!"

நங்கையா, நம் ஊரில் பஸ் கண்டக்டரையும் ஏனுங்க என்றுதான் கூப்பிடுகிறோம். பால்காரரையும் அப்படித்தான். கட்டிய புருசனையும் அப்படித்தான். நீங்கள் கூப்பிட்டது இதில் எது? இத்தனை வருடமாக அந்தக் குரலை மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒன்றாகக் கேட்கிறது, மறு நாள் வேறாகக் கேட்கிறது.

முன்னால் போனவர்களுக்கு நாம் திரும்பியது தெரியவில்லை. இரண்டு அலைக்கு நடுவில் நீங்கள் படகை வளைத்தபோது அது ஒருபக்கமாகச் சாய்ந்து, என் முழங்கை தண்ணீருக்குள் போய் வந்தது. தூரத்தில் அவர் படகு இஞ்சின் நின்றுபோய்க் குறுக்கே கிடந்தது. அலை ஏறி உள்ளே ஊற்ற, அவர் ஒரு வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கரையோரம் பாறைமேல் நுரை வெடித்துக்கொண்டிருந்தது. படகு அந்தப் பக்கமாகத்தான் தள்ளிக்கொண்டு போனது.

"ஸ்கூட்டி ஓட்டறவதான நீ? இதப் புடி" என்று என் கையை இழுத்து ஸ்டியரிங்கில் வைத்தீர்கள். "கொஞ்சங் கொஞ்சமாக் குடு. படகு மூக்கு அலையப் பாத்தே இருக்கோணும். திரும்பவுட்டின்னா ரெண்டு பேருமே போயிருவோம்."

அறுபதை நெருங்கிய நீங்கள் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு படகின் பின்பக்கம் முட்டி போட்டு நகர்ந்து போனீர்கள். முதல் தடவை வீசிய கயிறு தண்ணீரில் விழுந்தது. இழுத்துச் சுருட்டி மறுபடி வீசினீர்கள். அவர் பாய்ந்து பிடித்து, தன் படகின் முன்கொண்டியில் கட்டினார். கயிறு விறைத்தபோது நம் படகு நின்றுவிட்டது போல் இருந்தது. நான் அழுதுகொண்டே ஆக்சிலேட்டரைத் தள்ளினேன். பாறை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது.

பக்கத்தில் ஒரு மீனவர் ஊரின் கரையில் ஏறினோம். நான்கைந்து பேர் ஓடிவந்து இரண்டு படகையும் மணலுக்கு இழுத்தார்கள். நம்மைக் காணாமல் தேடித் திரும்பிய மற்ற மூன்று படகுகளும் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தன. இஞ்சினியர் குளிரில் நடுங்கிக்கொண்டே உங்களைப் பார்த்து, "நீங்க சொன்னதுதாம்மா. பழைய கேன், தண்ணி எறங்கியிருக்கு" என்றார்.

நீங்கள் திட்டினீர்கள். "கேட்டனா இல்லியா? கேட்டனா? ஒரு பாட்டல் ஊத்திப் பாத்தா கொறஞ்சா போயிருவீங்க? பெரிய கப்பலு! யாரு வந்து பதில் சொல்றது?" அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நீங்கள் நிறுத்தவே இல்லை. வெளியாட்களிடம் உங்கள் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். துணி கெடுத்த சாயப்பட்டறைக்காரரிடம்கூட, "பரவாயில்லீங்க, அடுத்த தடவ பாத்துக்குங்க" என்பீர்கள். நீங்கள் வாய்விட்டுத் திட்டியது தம்பியை, என்னை, பிள்ளைகளை. உங்களவர்களை மட்டும்.

திரும்பும் வழியில் விருதுநகர் தாண்டியதும் கேட்டீர்கள்.

"உம்பட புருசங்கிட்ட என்ன சொல்லப் போற?"

என்னை அனுப்பியது அவர்தான் என்று உங்களுக்குத் தெரிந்தே இருந்தது. "நீங்க என்ன சொல்லச் சொல்றீங்களோ அதச் சொல்றனுங்க."

"நான் ஒண்ணுஞ் சொல்லச் சொல்ல மாட்டேன். சொல்லச் சொன்னா, மறைக்கறதுக்கு என்னமோ இருக்குதுன்னு ஆயிரும்." கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னீர்கள். "ஊட்டுல பாக்கறாங்க, கம்பெனில பாக்கறாங்க, தெருவுல பாக்கறாங்க. கடலுக்குள்ள போனாத்தான் யாரும் பாக்கறதில்லைன்னு இருந்தேன். அங்கயும் உன்னய அனுப்பிச்சுட்டான்."

"நான் பாக்காம இருந்திருந்தா அவரு போயிருப்பாருங்களே" என்றேன்.

அடுத்த கடையில் வண்டியை நிறுத்தி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தீர்கள்.

அன்று உங்கள் தம்பி கேட்டபோது, "படகு வாங்கிருக்காங்க. கடல்ல இருந்து கோபுரத்தக் கும்புடறாங்க" என்றேன். "வேற?" என்றார். "வேற ஒண்ணுமில்லீங்க." அவர் நம்பவில்லை. ஆனால் மறுப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. கார் சாவி உங்களிடமே இருந்தது. அதற்குப் பிறகு நான்கைந்து தடவை நானும் வந்தேன். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அவர் உங்களை "அம்மா" என்றார், நீங்கள் அவரை "ஏனுங்க" என்றீர்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இல்லாததால் அகப்படவில்லையா, நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரி என்பதால் அகப்படவில்லையா?

போன ஐப்பசியில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீங்கள் போய்விட்டீர்கள். கேதத்துக்கு வந்த கூட்டத்தில், பந்தலின் ஓரமாக அந்த வெள்ளைத் தாடி தெரிந்தது. நான்தான் போனில் சொல்லியிருந்தேன். அத்தனை தூரம் பஸ் மாறி மாறி வந்திருந்தார். மாலையை உங்கள் காலடியில் வைத்துவிட்டு, தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

உங்கள் தம்பி என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "யாரது?"

"நூல் ஏஜென்ட்டுங்க. தூத்துக்குடிப் பக்கம்."

"நூல் ஏஜென்ட் எதுக்கு இப்படி அழுவறான்?"

"எல்லாருந்தான் அழுவறாங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன்.

அன்றிலிருந்து உங்கள் தம்பி என்னைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கிறார், நங்கையா. பார்க்கட்டும்.