ஊறுகாய் பாட்டிலின் மூடி

ரங்கத்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ், நல்லாத்தான் இருக்கேன்" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை.

கப்பலில் வந்த எலுமிச்சை ஊறுகாயின் மூடி கழன்று, நீங்கள் அதோடு வைத்த புதுச்சட்டை முழுக்க எண்ணெய். "ஒரு மூடியக்கூட இறுக்கத் தெரியாதா?" என்று போனில் கத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள். பிறகுதான் தங்கச்சி இர்பானா சொன்னாள்: "காக்கா, உம்மாவுக்கு விடியக்காலைல சுபுஹு தொழ எந்திரிச்சா ஒரு மணி நேரம் விரல் மடங்க மாட்டேங்குது. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

மன்னியுங்கள். நாற்பத்தாறு வயதுக்கு இது முதுமை இல்லை. மூட்டுவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். தைலம் தேய்த்து மறைக்காதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை வையுங்கள். மாவை இர்பானா பிசையட்டும்.

எங்கள் பவர் ஹவுஸ் பட்டறையில் மூடி திருகும் பிடி ஒன்று செய்து இத்துடன் அனுப்புகிறேன். விரலை மடக்க வேண்டாம், உள்ளங்கையால் தள்ளினால் போதும். சரியில்லை என்றால் திட்டுங்கள், வேறு செய்கிறேன்.

இன்னொரு பாட்டில் ஊறுகாய் வேண்டும். கை சரியான பிறகு போதும்.

இந்தப் பார்சலைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் போர்ட் பிளேர் பஸ் டிரைவர் "ஜல்தி, பாய்!" என்று அவசரப்படுத்திக் கத்துகிறார். உங்கள் ஊறுகாய் வாசனை அடிக்கும் அந்தச் சட்டையை இன்னும் துவைக்கவில்லை. சோப்பு தீர்ந்துவிட்டது.

உங்கள்
தவ்ஹீத்