மடங்கியே நின்ற இறக்கைகள்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே எல்லோரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இன்றைக்கு எனக்கு நலம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குறுக்கே புகுந்து உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு என்பாய், கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, அக்கா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு வழக்கம்போல என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனாள். எங்கள் பெயிண்ட் அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றுகிறதடா.

அந்தக் காலத்துப் போரில் கப்பல் மேலிருந்து கிளம்பிய சண்டை விமானங்களை உள்ளங்கை அளவுக்குச் செய்து, கண்ணாடி அலமாரியில் சேர்த்து வைக்கிறவர்களுக்கு விற்கிறோம் இல்லையா, பொம்மை என்றால் மேனேஜருக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்லவேண்டும். கப்பலில் இடம் போதாதென்று அவற்றுக்கு இறக்கை மடங்குமாம், எங்களுடையதற்கும் மடங்கும். மடக்கிவைத்துத்தான் அடிப்பக்கம் பெயிண்ட் அடிப்போம், காய்ந்தபிறகு விரித்து, விரித்த இறக்கைக்கென்றே வெட்டிய பெட்டியில் படுக்கவைப்போம். ஈரத்தோடு விரித்தால் மூட்டில் உரிந்துவிடும், காயாமல் விரிக்கக்கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ஃபேன் நின்றுபோனதிலிருந்து எதுவுமே நேரத்துக்குக் காயவில்லை, நாங்கள்தான் அட்டைப்பெட்டி மூடியை எடுத்து விசிறி விசிறிக் காயவைத்தோம், சாப்பாட்டு நேரத்திலும் விசிறினோம். பெட்டிக்குள் ஈரம் படக்கூடாதென்று ஒவ்வொரு விமானத்துக்கும் ஈரம் உறிஞ்சுகிற ஒரு பொட்டலம் போடுகிறார்கள், எங்கள் நுரையீரலுக்கு அந்த மரியாதை கிடையாது. கேட்டால் ஆள் வருவான் என்பார் மேனேஜர், அவன் வருவதற்குள் எங்களில் ஒருத்தி போய்ச் சேர்ந்துவிடுவாள் போலிருந்தது.

வாலுக்குக் கோடு போடுகிற பெண்ணுக்கு, வாயாடி என்று சொல்வேனே அவளுக்கு, இது ஆறாம் மாதம். திங்கட்கிழமை பெயிண்டில் கலக்கிற தின்னர் நாற்றம் தாங்காமல் தூரிகையும் கையுமாகச் சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பிக்கொண்டிருந்தோம், மேனேஜர் எட்டிப்பார்த்து, முடியாதவங்க வீட்டுல இருக்கலாமே என்றார். கையிலிருந்த அட்டை மூடியைக் கீழே வைத்தேன், நான் செய்தது அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள், வரிசையாக எல்லோரும் வைத்துவிட்டார்கள். வேலையை நிறுத்தவில்லை, பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தோம், விசிறவில்லை, விரிக்கவில்லை. மறுநாள் மேசை, அலமாரி, ஜன்னல் கட்டை, மேனேஜர் அறை வாசல் வரைக்கும் தட்டு தட்டாக விமானங்கள், எல்லாம் இறக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, ஒன்றுகூடப் பெட்டியில் நுழையாது, லாரி வெளியே நிற்கிறது. விரிங்கம்மா விரிங்க என்று மேனேஜர் குதித்தார். வாயாடி சுவரைக் காட்டி, "காயலையே சார், நீங்க ஒட்டினதுதான" என்றாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாயங்காலமே எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்துவிட்டார், இத்தனை நாள் எந்த லோகத்தில் இருந்தாரோ. இன்று காலை ஸ்விட்சைப் போட்டதும் வாயாடி அதன் கீழே போய் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டாள், நாங்கள் நகரச் சொன்னால் நகரமாட்டேன் என்கிறாள்.

மூடியை முதலில் வைத்தது நான்தான் என்று மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. மாதக் கடைசியில் முதலாளி வரும்போது என்னைத் தனியாக வரச் சொல்லியிருக்கிறார், வேலை போனாலும் போகும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடு என்கிறார் அப்பா, மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தனியாகவும் போகப்போவதில்லை, எங்கள் மேசையில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து என்னோடு வருகிறார்கள், இடம் போதாவிட்டால் வாசலில் நிற்பார்கள். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். போன வருஷம் நாங்கள் உட்கார நாற்காலி கேட்டபோது நீ அங்கிருந்து மேனேஜருக்குப் போன் போட்டு, அம்மா தெரியாம பேசிட்டாங்க சார், மன்னிச்சிருங்க என்றாய். என் நல்லதுக்குத்தான் செய்தாய், நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் எதைக் கேட்டாலும் அவர் ஒரு சிரிப்புச் சிரிக்கிறார், நாற்காலியும் வரவில்லை.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் கூழைக்கும்பிடு போடாமல் நீண்ட நாள் நன்றாக இரு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. இந்தத் தடவை நீயாக அவருக்குப் போன் போடாதே. அவரே உன்னைக் கூப்பிட்டால், அம்மா தெரிந்துதான் செய்தாள் என்று மட்டும் சொல்.

உன்னைப் பெற்றவள்