ஒரு கை மாறிச் சுற்றிய மோட்டார்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் தினமும் கும்பிடுகிறேன். நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை.

அந்தப் பந்தயக்காரத் தம்பி, அதான் பொம்மைக் காரைப் பச்சைப் பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு வருவானே, அவன் போன வாரம் அப்பா சுற்றிக் கொடுத்த மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்தான். ஓடவிட்டதும் உதறிச் சூடேறிக் கருகிவிட்டதாம். அப்பா காந்தம் சரியில்லை என்று அவனை அனுப்பிவிட்டார். நான் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சுழலும் ஆர்மேச்சரின் மூன்று கைக்கும் கம்பியை ஒரே பக்கமாகச் சுற்றவேண்டும், உனக்கே தெரியும். ஒரு கையில் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. தூக்கத்தில் சுற்றினாலும் தப்பு வராத மனிதர். அதிலிருந்து கவனிக்கிறேன், அவர் சுற்றுவதில் முக்கால்வாசி அப்படித்தான். அவர் குளிக்கப் போனதும் நான் அவிழ்த்துச் சரியாகச் சுற்றி வைக்கிறேன். ஒரு சுற்றுக்கு ஒரு சாமி பேர் சொன்னால்தான் எனக்கு எண்ண வரும். முன்பெல்லாம், உன் மோட்டாரை வண்டியில் போட்டால் நேரே மோட்சத்துக்குப் போய்விடும்டி என்று கேலி பண்ணுவார். இப்போது அந்தக் கேலியும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நிற்கிறார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார். டாக்டரிடம் போவோமா என்றால், எனக்கென்ன கேடு, நீ வேண்டுமானால் போய்க் காட்டிக்கொள் என்று எரிந்து விழுகிறார். நானும் அவரிடம் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றே சொல்லிச் சமாளித்துவந்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

நேற்று உன் பழைய சிவப்புக் காருக்கென்று ஒரு மோட்டார் சுற்றி, பார்சல் கட்டச் சொல்லிக் கொடுத்தார். நான் வாங்கி வைத்ததும், இதையாவது அவிழ்க்காமல் அனுப்பு, அவள் பார்த்துச் சொல்லட்டும் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாமி மேல் ஆணையாக அதை நான் தொடவில்லை கண்ணு. வந்து சேர்ந்ததும் ஓடவிடாதே, கருகிவிடும். பிரித்து மூன்று கையையும் பார். அவரே போன் பண்ணிக் கேட்பார். என்னைப்போல நீயும் நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிடாதே. உள்ளதைச் சொல், அழாமல் சொல், டாக்டரிடம் கூட்டிப்போக நீயே வருவதாகவும் சொல். நீ சொன்னால் கேட்பார்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். கடவுள் உங்கள் இருவரையும் கைவிடமாட்டார். பார்சல் போய்ச் சேர்ந்ததா என்று அப்பா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா