கேசட்டில் ஏறாத பாடம்

மேல் வீட்டில் குடியிருப்பவர்களின் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று மாலை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் கணக்குப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு எதையோ விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டாள். கீழே இரண்டு பொத்தான்கள் தோன்றின. இந்தப் பிள்ளை முறுக்கைக் கடித்துக்கொண்டே, திரையைக்கூடப் பார்க்காமல், 'ஆம்' என்பதை அழுத்தியது. அடுத்த பாடம் ஓட ஆரம்பித்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இந்த அருவருப்பு எந்தக் காலத்தது என்று உனக்குத் தெரியும். வேறு யாரிடம் சொன்னாலும், "காலம் மாறிப்போச்சுங்க டீச்சர், நீங்க இன்னும் அப்படியே இருக்கீங்க" என்பார்கள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். என் வாய் நீளம் உனக்குப் பழகியதுதானே.

எழுபதுகளின் கடைசியில், புதுச்சத்திரம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ கணக்கு, நான் வரலாறு. பள்ளிக்குப் பின்னால், அதை நடத்திய செயலாளரின் கோழிப்பண்ணை. காற்றுத் திரும்பினால் வகுப்பு முழுக்கக் கோழி எரு வாடைதான். பிள்ளைகள் முன்னால் "ஏனுங்க டீச்சர்" என்று மரியாதையாகக் கூப்பிடுவாய். ராசிபுரம் பஸ்ஸில் ஏறியதும், "ஏ புள்ள, நவுந்து உக்காரு" என்று இடுப்பில் இடிப்பாய்.

நீ பாடம் நடத்துவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். கரும்பலகையைவிடப் பிள்ளைகளின் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பாய். ஒன்றைச் சொல்லி முடித்ததும், "புரிஞ்சுதா சாமி?" என்று நிறுத்துவாய். "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று வகுப்பே கத்தும். அந்தக் கத்தலை நீ ஒருநாளும் நம்பியதில்லை. எந்தப் பிள்ளை வாயை மட்டும் அசைக்கிறது என்று தேடிப் பிடித்து, அதற்காக மறுபடியும் வேறு விதமாகச் சொல்வாய். உன் வகுப்பில் பிள்ளைகள் தேறினார்கள் என்றால் அந்த இரண்டாம் தடவையால்தான் தேறினார்கள்.

அது செயலாளர் கண்ணில் பட்டதுதான் உனக்கு வினையாகப் போயிற்று. எண்பதுகளில் விடுதி கட்டினார்கள், ஒவ்வொரு வகுப்பும் நாலைந்து பிரிவாகப் பெருத்தது. ஆசிரியர் கூட்டத்தில் அவர் பேசியது அப்படியே காதில் இருக்கிறது. "பண்ணையில எல்லாக் கோழி ஷெட்டுக்கும் ஒரே தீவனந்தானுங்க போடறோம். ஷெட்டுக்கு ஒரு தீவனம் போட்டா முட்ட ஒரே மாதிரி வருமுங்களா? பாடமும் அப்படித்தானுங்க. இந்த டீச்சர் நடத்தறத டேப்புல புடிச்சு எல்லாக் கிளாசுக்கும் உட்ருவோம்." வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான்தான் சிரித்துவிட்டேன். மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் கூட்டத்திலும் இதையே சொன்னார். அங்கே பாதிப்பேர் கோழி வளர்ப்பவர்கள், ஆகா என்று தலையாட்டினார்கள்.

மைக் செட்காரர் வந்து வகுப்புக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் கரும்பலகைக்கு மேலே மாட்டினார். அலுவலக அறையில் டேப் ரிக்கார்டர். நீ ஆளில்லாத அறையில் பேச முடியாது என்றாய். நாலு பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். ஒன்று இருமியது, ஒன்று பெஞ்சை இழுத்தது, வெளியே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எதிரே உட்கார வைத்தாய். "நீ இரு புள்ள. உனக்குத்தான் கணக்குன்னாலே ஆவாது, உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்."

அன்றைக்கு ஏழாம் வகுப்புப் பாடம். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்றாய், விதியைச் சொன்னாய், இரண்டு கணக்குப் போட்டுக் காட்டினாய். "புரிஞ்சுதா சாமி?" என்று என் முகத்தைப் பார்த்தாய். நான் இல்லையென்று தலையாட்டினேன். படித்த காலத்திலிருந்து அது எனக்குப் புரிந்ததே இல்லை. நீ சிரித்துக்கொண்டு, ஓடுகிற டேப்பிலேயே மறுபடி ஆரம்பித்தாய்.

"கெணத்துல தெனமும் ரெண்டடி தண்ணி எறங்குதுன்னு வெச்சுக்க. எறங்கறது மைனஸ். இன்னைக்கிருந்து மூணு நாளு பின்னால போ. பின்னால போறதும் மைனஸ். அன்னைக்குத் தண்ணி எப்படி இருந்திருக்கும்?"

இன்றைவிட ஆறடி கூடுதலாக இருந்திருக்கும் என்று எனக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. முப்பது வயதில் எனக்கு அந்தக் கணக்கு விளங்கியது.

மறுநாள் செயலாளர் கேசட்டைப் போட்டுக் கேட்டார். கிணறு வந்த பகுதியை அழித்து, அதன்மேல் அடுத்த பாடத்தைப் பதியச் சொல்லிவிட்டார். நீ அலுவலகத்துக்குப் போனாய், நானும் கூட வந்தேன்.

"ஒருக்காச் சொன்னா போதாதுங்களா டீச்சர்? நல்லாப் படிக்கற புள்ளைக்கு ஒருக்காவே பிடிபட்டுரும்."

"மத்த புள்ளைங்களுக்குங்க?"

"அவங்க மனப்பாடம் பண்ணிக்குவாங்க, உடுங்க."

'ங்க' போட்டு, காப்பி வரவழைத்துக் கொடுத்து, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. நீ காப்பியைத் தொடவில்லை. நான் குடித்துவிட்டேன், பசி.

பிறகு நடந்ததெல்லாம் கேவலம். மற்ற ஆசிரியர்கள், எந்தப் பாடக்காரராக இருந்தாலும், முறை போட்டுக்கொண்டு பிரம்போடு பெஞ்சுகளுக்கு இடையே நடந்தார்கள், அதற்குக் காவல் முறை என்று பெயர். பெட்டிக்குள்ளிருந்து நீ "புரிஞ்சுதா" என்று தொடங்கும்போதே பிள்ளைகள் "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று முடித்துவிடுவார்கள். ஆயுத பூஜையன்று பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். "எனக்கே போட்டாப்பல இருக்குது புள்ள" என்றாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

ஒருநாள் நடைபாதையில் உன் குரலை நீயே கேட்டுக்கொண்டு போனவள், சட்டென்று வகுப்புக்குள் நுழைந்து ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தாய். செயலாளர் வாசலுக்கு வந்துவிட்டார். "உங்க பாடந்தானுங்களே ஓடுது? அத எதுக்கு நிறுத்துனீங்க?"

"அது பாதிப் பாடமுங்க" என்றாய்.

அடுத்த நாளிலிருந்து உன்னை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். கேசட்டுகள் இருந்தன, நீ எதற்கு? நானும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று குதித்தேன். நீதான் தடுத்தாய். "நீயும் வந்துட்டா புள்ளைங்க மனுசக் கொரலுக்கு எங்க போகும்? இரு." இருந்தேன். ராசிபுரத்தில் உன் வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாய். இரண்டு வருடத்தில் மஞ்சள் காமாலை வந்து, பத்தியம், பச்சிலை, பெரிய ஆஸ்பத்திரி என்று அலைந்து, போய்விட்டாய்.

உன் சாவுக்கு வந்துவிட்டு மறுநாள் பள்ளிக்குப் போனேன். "நம்ம பள்ளிக்குப் பாடுபட்ட டீச்சர்" என்று பெட்டி வழியாகச் செயலாளர் பேசி, எல்லாரையும் எழுந்து மௌனமாக நிற்கச் சொன்னார். நின்றார்கள். மணி அடித்தது. அன்று ஏழாம் வகுப்பில் எனக்குக் காவல் முறை. அதே பெட்டியில் உன் குரல் வந்தது. மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ். புரிஞ்சுதா சாமி?

"புரிஞ்சுதுங்க டீச்சர்."

யாருக்காக எழுந்து நின்றோம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவர்கள், உன் முகத்தையே பார்த்ததில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பெண் வாயை மட்டும் அசைத்தாள். நான் போய் ஸ்விட்சை அணைத்தேன். கரும்பலகையில் கிணறு வரைந்தேன். கோணலாகத்தான் வந்தது. ரெண்டடி எறங்குது, மூணு நாளு பின்னால போ என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஆறடி கூட இருந்திருக்குமுங்க டீச்சர்" என்றாள் அந்தப் பெண். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு பெட்டியை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த டீச்சருக்கு இது தெரியாதுங்களா?"

வரலாறு சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். என்னைவிட உனக்குக் குறைவாகத் தெரியும் என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டது. "அவங்க எனக்குச் சொன்னதுதான் சாமி இது" என்றேன். அந்த ஒரு வகுப்பில் சொன்னேன். மற்ற பிரிவுகளில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அங்கெல்லாம் உன்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ, அவர்களிடம் போய்ச் சொல்ல என்னால் ஆகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.