மதகடியில் நின்றவள்

ரோசலி அப்பாவுக்கு,

சங்க ஊர்வலத்துக்கு மற்றப் பெண்களோடு நாகப்பட்டினம் போகிறேன். பிடித்து உள்ளே வைத்தால் திரும்ப நாளாகும். பிள்ளை தூளியில் தூங்குகிறாள். கூழ் உறியில் இருக்கிறது.

மத்தியானம் காத்தாயி என்று ஒருத்தி வருவாள். கதவைத் திறந்துவிடுங்கள். நம் வேலைநிறுத்தத்தை உடைக்க மிராசுதார் லாரியில் கொண்டுவந்து இறக்கினாரே, அந்த அசலூர் நடவாட்களில் ஒருத்திதான். கோபப்படாமல் மீதியையும் படியுங்கள்.

நேற்று விடிந்தும் விடியாமலும் மதகடிக்குப் போனேன். காத்தாயி முழங்கால் தண்ணீரில் நின்று தன் பாலைப் பீய்ச்சி வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளை இழை இழையாகப் பிரிந்து தண்ணீரோடு போனது. கனவில் பார்ப்பதுபோல் நானும் நின்றுவிட்டேன்.

"போன மாசம் எம்புள்ள தவறிடுச்சுக்கா. மார்ல வச்சுக் கட்ட மல்லிப்பூ கெடைக்குமா? பால் வத்திடும்" என்றாள்.

காய்ச்சலுக்குப் பிறகு எனக்குப் பால் சரியாக ஊறவில்லை என்று உங்களுக்குத் தெரியும். இடுப்பில் இருந்த ரோசலி பசியில் வீறிட்டாள். அந்தச் சத்தத்துக்கே பால் சுரந்து அவள் சேலை நனைந்துபோனது. பிள்ளையை நீட்டிவிட்டேன். பொழுது சாய்ந்த பிறகும் மதகடிக்கு வந்து கொடுத்தாள்.

"ராத்திரி புள்ள அழவே இல்லயே" என்று இன்று காலையில் சந்தோஷப்பட்டீர்களே, அது அவள் பால்.

பாத்திமா மேரி

மறந்துவிட்டேன்: அவள் பூக் கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. அசலூர் ஆளுக்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதென்று சங்கத்தில் முதலில் கை தூக்கியது நீங்கள்தான். ஒன்றும் கொடுக்க வேண்டாம். கொடுக்கப்போகிறவள் அவள்தான்.