தரை வழியாகப் போகும் சத்தம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று மருத்துவமனையில் பதினோரு பேருக்குக் காது சோதித்தேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்பதுதான் நாள் முழுக்க என் வசனம். வீட்டுக்கு வந்தால் அதைச் சொல்லக்கூட ஆளில்லை. சாப்பிடும்போது கரண்டியால் தட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கை இங்கே இருந்தவரை, "அக்கா, சும்மா இரேன்" என்பாள். பதினெட்டு வருஷம் சொன்னாள். நாற்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டு போய் நான்கு மாதமாகிறது. இன்று நிறுத்தச் சொல்ல யாருமில்லை. நானே நிறுத்திவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

அண்ணன் ஃபோன். "மாசக் கடைசிக்குள்ள வீட்டுக்காரர்கிட்ட காலி பண்றேன்னு சொல்லிடு. இங்க ஒரு ரூம் சும்மாதான கிடக்கு. ஒத்தையில எதுக்கு அல்லாடுற?" பின்னாலிருந்து அண்ணி, "அவங்க வந்துட்டா வீட்டப் பாத்துக்க ஆளாச்சு, நாம நாலு இடம் போக வரவும் வசதி" என்றாள். அண்ணி நல்லவள். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாது.

முப்பதாம் தேதிக்குள் சொல்கிறேன் என்றேன். அங்கே போனால் சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர் இருப்பார்கள். ஆனால் அது என் வீடாக இருக்காது. இரண்டில் எது பெரிய தனிமை?

ஜூன் 7, சனி

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் இசைக்கருவிக் கடைக்குள் போய்விட்டேன். எலக்ட்ரானிக் டிரம்ஸ் பார்க்க. ஐம்பத்தொரு வயதில் இது தேவையா என்றால், தேவையில்லை. அதனால்தான் ஆசையாக இருக்கிறது.

"யாருக்கு மேடம், பையனுக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

கொஞ்சம் விழித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு விளக்கினார். அடிக்கிற சத்தமெல்லாம் ஹெட்போனுக்குள் போய்விடுமாம். அடிக்கிற பேட் ரப்பராக இருந்தால் விலை குறைவு, மணிக்கட்டு வலிக்கும். வலை போட்ட பேட் மெத்தென்று துள்ளும். மேஜைமேல் வைக்கிற குட்டியும் உண்டு, வேலை முடிந்தால் அலமாரியில் வைத்துவிடலாம்.

"மொதல்ல எங்க வைக்கப் போறீங்கன்னு சொல்லுங்க. அத வச்சுத்தான் எது சரின்னு சொல்ல முடியும்."

அதுதானே எனக்கே தெரியவில்லை! அண்ணன் வீட்டு அறைக்குக் குட்டிதான். முழு செட் என்றால் இந்தக் கூடம்தான். யோசித்து வருகிறேன் என்று ஓடி வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

சோபாவைத் தள்ளி இடம் பார்த்தேன். திரும்ப இழுத்துப் போட்டேன்.

ஜூன் 14, சனி

மறுபடி கடை. அவரை அடிக்கச் சொல்லிவிட்டு நான் ஹெட்போன் இல்லாமல் கதவோரம் நின்று கேட்டேன். "எல்லாரும் மாட்டிக்கிட்டு கேப்பாங்க, நீங்க கழட்டிட்டு கேக்குறீங்க!" என்று சிரித்தார். ரப்பர் டக் டக்கென்றது. வலை பேட், தலையணையைத் தட்டுகிற மாதிரிதான். காது என் தொழில். என்னையா ஏமாற்ற முடியும்?

குட்டியை வாங்கத்தான் போனேன். அதில் காலுக்கு ஒரு பொத்தான் மட்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு பெரியதில் பெடலை ஓங்கி மிதித்தேன் — அடிவயிறு வரை போனது. வாங்கிவிட்டேன். முழு செட், வலை பேட். அண்ணனிடம் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வலது கை சொன்னதை இடது கை கேட்க மாட்டேன் என்கிறது. குச்சி கனம் என்று திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கால் மட்டும் நன்றாக வருகிறது. தினம் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை மிதிக்கிறேன்.

ஜூன் 21, சனி

இன்று மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரி. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். படிக்கட்டில் சிரித்துக்கொள்வதோடு சரி.

"அக்கா, ஒரு வாரமா மேல என்னத்த இடிக்கிறீங்க? எனக்கு ராத்திரி டூட்டி. சாயங்காலம்தான் தூங்குற நேரம். அஞ்சரை ஆனா தலைமேல டம் டம்."

"ஹெட்போன் போட்டுதானே..."

"உங்களுக்கு ஹெட்போன். எனக்கு?"

கண்ணெல்லாம் சிவந்திருந்தது. போய்விட்டாள்.

காதுக்குப் பின்னால் எலும்பில் கருவியை வைத்துச் சோதிப்பதும் என் வேலைதான். சத்தம் காற்றில் மட்டும் வராது, எலும்பு வழியாகவும் போகும் என்று தினமும் யாருக்காவது விளக்குகிறேன். தரைக்கும் அதுதான் என்று தோன்றவில்லையே! கடையில் பேடுகளை அடிக்கச் சொன்னேன், பெடலை மிதிக்கச் சொல்லவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனையா?

நாலு வருஷமா கீழ ஒருத்தி இருக்கா, எப்ப தூங்குறான்னுகூட தெரியல. என்ன மனுஷி நான்? பேசாம அண்ணன் வீட்டுக்கே போயிடலாம். அங்கயாவது யாரும் என்னால முழிக்க மாட்டாங்க.

டிரம்ஸ்மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு அழுதேன்.

ஜூன் 23, திங்கள்

அண்ணனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நல்லவேளை.

ஜூன் 26, வியாழன்

கடைக்காரரைக் கேட்டேன். "ரெண்டு பலகை, நடுவுல பழைய டென்னிஸ் பந்து முப்பது. அதுமேல செட்ட வைங்க, அதிர்வு பாதி பந்துலயே செத்துடும்." பந்து நகராமலிருக்கப் பலகையில் குழி போட்டுத் தந்த தச்சர், "இதென்னம்மா, பந்துமேல கட்டிலா?" என்றார். இத்தனை நாளில் முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜூன் 28, சனி

கீழ்வீட்டுக்காரிக்கு இன்று லீவு. போய்க் கதவைத் தட்டினேன். "டிரம்ஸ் சத்தத்தக் குறைக்க ஒரு வழி பண்ணியிருக்கேன். நீங்க மேல போய் பெடல மிதிங்க. நான் உங்க ரூம்ல நின்னு கேக்குறேன்." ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏறிப் போனாள்.

ஒரு கட்டில், கறுப்புத் திரை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். என் வீட்டைப் பார்ப்பது போலவே இருந்தது. கண்ணை மூடிக் கேட்டேன். எங்கோ யாரோ செருப்பில்லாமல் நடப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் காத்திருந்து மேலே வந்தேன். ஹெட்போனோடு மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"கேட்டுச்சாக்கா?" என்று ஹெட்போனோடு கத்தினாள்.

"ரொம்ப லேசா."

"அப்ப தூங்கிடுவேன். இருங்க, எதுக்கும் இன்னும் கொஞ்சம் மிதிச்சுப் பாக்குறேன்."

முக்கால் மணி நேரம் பார்த்தாள்.

ஜூன் 30, திங்கள்

அண்ணனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "ஒத்தையில என்னதான் பண்ணப் போற?" என்றார். பயமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்றேன்.

மருத்துவமனையிலிருந்து வந்தபோது கதவிடுக்கில் ஒரு தாள். ஜூலை மாத ஆம்புலன்ஸ் டூட்டி அட்டவணை. லீவு நாட்களைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். முதல் வட்டத்துக்குப் பக்கத்தில்: "ஆறு மணிக்கு வரேன். ஸ்டூல கொஞ்சம் இறக்கி வைங்கக்கா, எனக்குக் கால் எட்டல."