ஏற்றத்தில் தட்டிய இஞ்சின்

1979 மார்ச், வியாழன். ஈப்போ.

உடம்பு ஓய்ந்துவிட்டது, தூக்கம்தான் வரவில்லை. இன்று என் காரை மகன் செல்வம் ஓட்ட, செமோருக்குப் போனோம். தோட்டத்துச் சாலை ஏற்றத்தில், பால் டின்னில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் இஞ்சின் தட்டியது.

“இஞ்சின் போச்சும்மா. வித்துடலாம் லா.”

“கியரைக் குறை,” என்றேன். குறைத்தான், சத்தம் அடங்கியது.

போன வாரம் மலிவான பெட்ரோலை ஊற்றியவன் அவன்தான். விளக்கினேன். பிளக் பற்றவைக்கும் தீ, பெட்ரோல் கலந்த காற்றில் சீராகப் பரவிப் பிஸ்டனைத் தள்ள வேண்டும். மட்டமான பெட்ரோலில், தீ போய்ச் சேருமுன்பே மிச்சக் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே மொத்தமாக வெடிக்கிறது. அது தள்ளுவதில்லை, சுத்தியலாக அடிக்கிறது. உடனே கவனித்தால் இஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

“கான்வென்ட்ல சிஸ்டர்ங்க இதையுமா சொல்லிக் குடுத்தாங்க?” என்று சிரித்தான்.

“படிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. காரோட வந்த புத்தகத்த உங்கப்பாவும் தொறக்கல, நீயும் தொறக்கல.”

அவர் போனபின், யாரையும் எதிர்பார்க்காமல் நான் கோவிலுக்கும் கடைக்கும் போய்வருவது இந்தக் காரால்தான். நாளை அந்தப் பெட்ரோலை வடித்துவிட்டு, நல்லதை ஊற்றி, அதே ஏற்றத்தில் நானே ஓட்டிக் காட்டப்போகிறேன். சத்தம் வராது. வராவிட்டால், காரை விற்க அவன் உண்மையான காரணத்தை, இந்த வயதில் நான் ஓட்டக்கூடாது என்று நினைப்பதை, வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். வீட்டு வாசலில் சாவியை வாங்கும்போது என் கை நடுங்கியதை அவன் பார்த்துவிட்டான்.